பட்டியலில் இல்லாத மேடு

புறநானூற்றை முதலிலிருந்து முறையாகப் படிப்பது என்று நாங்கள் ஐவர் முடிவுசெய்து, மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடிக்கொண்டிருந்த காலம் அது. ஒரு மாதம் 228ஆம் பாடலையும் 256ஆம் பாடலையும் சேர்த்துப் படித்தோம். இரண்டுமே குயவனை விளித்துப் பேசுபவை. முன்னதில் ஐயூர் முடவனார், கிள்ளிவளவன் என்னும் பெருவேந்தனைக் கொள்ளும் அளவுக்கு ஒரு தாழியை உன்னால் வனைய முடியுமா என்று கேட்கிறார். பின்னதில் கணவனை இழந்த ஒருத்தி, தனக்கும் சேர்த்து அகலமாக வனைந்து தரச் சொல்கிறாள். படித்து முடித்ததும் சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறகு எங்களில் ஒருவர், "புதைத்த இடத்தில் புதைத்தபடியே ஒரு தாழியை நம்மில் யாரும் பார்த்ததில்லையே" என்றார். அந்தப் பேச்சுதான் எங்களை அந்த மேட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

தென்மாவட்டம் ஒன்றில், மானாவாரி நிலங்களுக்கு நடுவே, ஒரு கண்மாயின் மேற்குப் பக்கம் இருந்த செம்மண் மேடு அது. நண்பர் ஒருவரின் மாமனார் ஊர் அருகில் இருந்ததால் தகவல் கிடைத்தது. வரைபடத்தில் அந்த மேட்டுக்குப் பெயர் இல்லை. ஊரார் 'பானைக்காடு' என்றார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர்தான் எங்களுக்கு வழிகாட்டி ஆனார்.

"மழை பேஞ்ச மறுநா வந்திருக்கணும் தம்பி. அப்பத்தான் வாய் தெரியும்" என்றார். அதற்கு முந்தைய வாரம் மழை பெய்திருந்ததால் அவர் சொன்ன 'வாய்' எங்களுக்கும் தெரிந்தது. தரையில் சிவப்பு நிறத்தில் வட்டங்கள். யாரோ பெரிய வளையல்களை மண்ணில் அழுத்தி எடுத்ததுபோல, ஓர் அங்குலத் தடிப்புள்ள விளிம்புகள். ஒரு சுற்று நடந்து இருபத்தேழு வரை எண்ணினோம். இடையிடையே உட்புறம் கறுத்தும் வெளிப்புறம் சிவந்தும் இருந்த ஓடுகள். "மிதிச்சு நடக்காதீக. உள்ள முன்னோரு குந்தியிருக்காக" என்றார் பெரியவர். சாவே வராமல் சுருங்கிப்போன கிழவர்களைச் சோறும் விளக்கும் வைத்துத் தாழிக்குள் இறக்கினார்கள் என்று தமிழ்நாட்டின் பல ஊர்களிலும் வழங்கும் கதையை அவரும் சொன்னார். அது வரலாறு அன்று என்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் அந்தக் கதைதான் அந்த மேட்டில் யாரும் கலப்பை வைக்காமல் பார்த்துக்கொண்டது என்பது அப்போது எங்களுக்கு உறைக்கவில்லை.

ஊர் திரும்பினோம். படங்களைப் பகிர்ந்துகொண்டோம். 256ஆம் பாடலின் பெண்ணையும் அந்தச் சிவப்பு வட்டங்களையும் இணைத்து ஒரு கட்டுரை எழுதினோம். நண்பர்கள் பாராட்டினார்கள். அத்துடன் எங்கள் கடமை முடிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டோம். இந்தக் கட்டுரையை எழுதக் காரணமே அந்த நினைப்புதான்.

நான்கு ஆண்டுகள் கழித்து, வேறொரு வேலையாக அப்பக்கம் போனபோது மேட்டையும் பார்த்துவிட்டு வரலாம் என்று வண்டியைத் திருப்பினோம். மேடு இல்லை. அந்த இடத்தில் இரண்டு ஆள் ஆழத்துக்குச் செவ்வகமான பள்ளம் ஒன்றும், அதில் தேங்கிய செந்நிற நீரும் இருந்தன. பள்ளத்தின் ஒரு பக்கச் சுவரில் ஒரு தாழியின் குறுக்குவெட்டு தெரிந்தது. பாதி மண்ணோடு நின்றிருந்தது. மறு பாதியை இயந்திரத்தின் வாளி கொண்டுபோயிருந்தது. ஒன்றரைக் கல் தொலைவில் புதிய புறவழிச்சாலை போய்க்கொண்டிருந்தது. அதன் கரைச் சரிவில் இறங்கிப் பார்த்தோம். கறுப்பும் சிவப்புமான ஓடுகள் சரளையோடு சரளையாகக் கிடந்தன. அந்தத் தாழிகள் எங்கேயும் போய்விடவில்லை. சாலைக்கு அடியில்தான் இருக்கின்றன.

கோபத்துடன் ஓர் அலுவலகத்தின் படியேறினோம். எந்த அலுவலகம் என்பது முக்கியமில்லை. அங்கே இருந்த பொறியாளர் எங்களை உட்காரவைத்து, கோப்பை எடுத்துக் காட்டினார். சாலையின் தடத்தில் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம் எதுவும் இல்லை என்ற சான்று இருந்தது. அது உண்மைதான். மண் எடுத்த நிலத்துக்கு அனுமதி இருந்தது. அதுவும் உண்மைதான். "இந்த மேடு எந்தப் பட்டியலில் இருக்கிறது?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. "நான்கு வருடத்துக்கு முன்பே பார்த்திருக்கிறீர்கள். யாருக்காவது எழுதிக் கொடுத்தீர்களா?" அதற்கும் பதில் இல்லை. அவர் குரலில் ஏளனம் இல்லை. "தெரிந்திருந்தால் நான் வேறு இடத்தில் மண் எடுக்கச் சொல்லியிருப்பேன். எனக்கு இந்த மண்தான் வேண்டும் என்று ஒன்றும் இல்லை" என்றார். எங்களை வசைபாடி அனுப்பியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

*

அதன் பிறகுதான் சட்டங்களைத் தேடிப் படித்தோம். இலக்கிய வாசகர்களுக்கு இது சற்று வறண்ட பகுதிதான். ஆனாலும் கடந்தாக வேண்டும்.

மைய அரசின் தொல்சின்னச் சட்டம் 1958ஆம் ஆண்டையது. தமிழக அரசின் சட்டம் 1966ஆம் ஆண்டையது. மையச் சட்டத்தின் 2010ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை தடைசெய்யப்பட்ட பகுதி. அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. கடுமையான சட்டம்தான். அந்த எல்லைக்குள் வீடு வைத்திருப்பவர்கள் ஒரு மாடி கட்ட அலைவதை நாம் அறிவோம். ஆனால் இந்தக் கடுமையெல்லாம் ஏற்கெனவே அறிவிக்கப்பட்ட இடங்களுக்குத்தான். ஒரு கோயிலைச் சுற்றி 300 மீட்டர் வரை நீளும் சட்டத்தின் கை, அறிவிக்கப்படாத ஒரு தாழிக்காட்டின் மீது ஒரு முழம்கூட நீள்வதில்லை. புதையல் சட்டம் என்று ஒன்று 1878 முதல் இருக்கிறது. மண்ணுக்கடியில் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருள் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. கிடைத்த பிறகு தெரிவிப்பதற்குத்தான் அது. தோண்டுவதற்கு முன் பார்க்கச் சொல்வதற்கன்று.

முன்கூட்டியே பார்க்கச் சொல்லும் விதி ஒன்று உண்டு. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் உள்ள விண்ணப்பப் படிவம், திட்ட எல்லையிலிருந்து 15 கிலோமீட்டருக்குள் பண்பாட்டு மதிப்புக்காகச் சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட பகுதிகள் இருக்கின்றனவா என்று கேட்கிறது. நல்ல கேள்வி. ஆனால் அதுவும் பாதுகாக்கப்பட்டவற்றைப் பற்றியே கேட்கிறது. பட்டியலைப் பார்த்துப் பதில் எழுதலாம். நிலத்தைப் பார்க்க வேண்டியதில்லை. மேலும், எல்லாச் சாலைகளும் இந்த மதிப்பீட்டுக்குள் வருவதில்லை.

எங்கள் மேட்டைப் பொறுத்தவரை இன்னொரு விஷயமும் உண்டு. சாலை போகும் தடத்தையாவது நான்கு பேர் அளந்து பார்க்கிறார்கள். சாலைக்கான மண் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பவர் குறைவு. தாழ்வான வயலில் கரை எழுப்ப மண் வேண்டும். மண்ணுக்கு மேடு வேண்டும். பயிரிடாமல் விட்டிருக்கும் மேடு என்றால் இன்னும் நல்லது. இழப்பீடு இல்லை, எதிர்ப்பு இல்லை. ஆனால் தலைமுறைகளாக ஏன் அதைப் பயிரிடாமல் விட்டார்கள் என்று யாரும் கேட்பதில்லை. சாலை, குழாய் போன்ற நீள்வழித் திட்டங்களுக்குச் சாதாரண மண் எடுப்பதற்குச் சுற்றுச்சூழல் அனுமதியே தேவையில்லை என்று 2020 மார்ச்சில் மைய அரசு விலக்கு அளித்தது. 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த விலக்கை ரத்து செய்தது. விலக்கு நடப்பில் இருந்த அந்த நான்கு ஆண்டுகளில் எத்தனை மேடுகள் எத்தனை சாலைகளுக்கு அடியில் போயின என்று யார் கணக்கெடுப்பது?

*

இதையெல்லாம் முன்னேற்றத்துக்கு எதிரான புலம்பலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தப் புறவழிச்சாலை வந்ததால் அவ்வூர்ப் பிள்ளைகள் கல்லூரிக்கு விரைவாகப் போகிறார்கள். சாலை வேண்டும், அணை வேண்டும். தோண்டுவதற்கு முன் ஒருமுறை பார்த்திருக்கலாமே என்பது மட்டும்தான் எங்கள் ஆதங்கம். அப்படிப் பார்த்த வழக்கம் நம் நாட்டிலேயே உண்டு.

கிருஷ்ணா நதியில் நாகார்ஜுனசாகர் அணைக்கு 1955 டிசம்பரில் நேரு அடிக்கல் நாட்டினார். நீர்த்தேக்கம் மூழ்கடிக்கவிருந்த பள்ளத்தாக்கில்தான் இக்குவாகு மன்னர்களின் தலைநகரான விஜயபுரி இருந்தது. 1926இல் கண்டறியப்பட்ட இடம் அது. அதனால் பட்டியலில் இருந்தது. அடிக்கல் நாட்டுவதற்கு முந்தைய ஆண்டே, 1954இல், ஆர். சுப்ரமணியம் தலைமையில் இந்தியத் தொல்லியல் துறை அகழாய்வைத் தொடங்கிவிட்டது. 1960 வரை தோண்டினார்கள். கற்காலம் தொட்டுப் பிற்காலம் வரையிலான எச்சங்கள் கிடைத்தன. முக்கியமான கட்டடங்களைப் பெயர்த்து, அன்றைய மலையும் இன்றைய தீவுமான நாகார்ஜுனகொண்டாவின் உச்சியில் மீண்டும் எழுப்பினார்கள். படிக்கட்டு அரங்கு ஒன்று அனுப்பு என்ற இடத்துக்குப் போயிற்று. எல்லாவற்றையும் காப்பாற்றிவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. ஒரு நகரத்தை அதன் இடத்திலிருந்து பெயர்த்தால் அது நகரமாக இருப்பதில்லை. ஆனால் எதை இழக்கிறோம் என்று தெரிந்து இழந்தார்கள். அணையும் கட்டி முடிக்கப்பட்டது. தொல்லியலால் அது நின்றுபோய்விடவில்லை.

இதை நினைக்கும்போதெல்லாம் மேட்டூரும் நினைவுக்கு வரும். 1925இல் தொடங்கி 1934இல் முடிந்த அணை அது. நீர்மட்டம் வெகுவாகக் குறையும் ஆண்டுகளில் பண்ணவாடிப் பக்கம் ஜலகண்டேசுவரர் கோயிலின் நந்தியும், கிறித்தவ ஆலயத்தின் கோபுரமும் வெளியே தெரிகின்றன. ஒரு கோடையில் நாங்களும் போய்ப் பார்த்தோம். பரிசல் ஓட்டி வந்தவர், "எங்க தாத்தா காலத்துச் சாமி. தண்ணி வத்துனா எங்களுக்குக் கஷ்டம், ஆனா சாமி தரிசனம்" என்றார். நீருக்கு மேலே கல்லாலான கட்டடங்கள் எழுகின்றன. மண்ணாலான வீடுகளும், அவற்றுக்கும் அடியில் இருந்திருக்கக்கூடியவையும் எந்தக் கோடையிலும் எழப்போவதில்லை.

மேலை நாடுகளும் பட்டுத்தான் கற்றன. 1989இல் லண்டனில் அலுவலகக் கட்டடம் ஒன்றுக்காகத் தோண்டியபோது, எலிசபெத் காலத்து ரோஸ் நாடக அரங்கின் அடித்தளம் வெளிப்பட்டது. ஷேக்ஸ்பியரின் நாடகங்கள் நடந்த அரங்கு. நடிகர்களும் பொதுமக்களும் இயந்திரங்களை மறித்து நின்றார்கள். கட்டட நிறுவனத்துக்கும் இழப்பு; அரசுக்கும் தலைவலி. மறு ஆண்டே, 1990இல், அந்நாட்டு அரசு திட்ட அனுமதிக்கான வழிகாட்டுதல் ஒன்றை வெளியிட்டது. அனுமதி கேட்பதற்கு முன்பே நிலத்தில் என்ன இருக்கக்கூடும் என்று ஆராய வேண்டும், கூடுமானவரை இருந்த இடத்திலேயே காக்க வேண்டும், முடியாவிட்டால் பதிவுசெய்துவிட்டுத்தான் அழிக்க வேண்டும், செலவு கட்டுபவருடையது. 1992இல் மால்ட்டாவின் வல்லெட்டா நகரில் ஐரோப்பிய நாடுகள் ஒப்புக்கொண்ட உடன்படிக்கையின் சாரமும் ஏறக்குறைய இதுதான்.

வேலை என்று பார்த்தால் இது மலையைப் புரட்டுவதன்று. முதலில் மேசையில் உட்கார்ந்து தேட வேண்டும்: பழைய நில அளவை வரைபடங்கள், கல்வெட்டு ஆண்டறிக்கைகள், அகழாய்வுக் குறிப்புகள், செயற்கைக்கோள் படங்கள். பிறகு நிலத்தில் இறங்கி நடக்க வேண்டும். உழவுக்குப் பின்னும் மழைக்குப் பின்னும் நடந்தால் நல்லது. ஐயம் எழுந்தால் ஓரிரு சோதனைக் குழிகள். சாலையின் தடம் காகிதத்தில் இருக்கும்போது அதை நூறு மீட்டர் நகர்த்த ஒரு பென்சில் போதும். இயந்திரம் வந்து இறங்கிய பிறகு ஒவ்வொரு நாளுக்கும் வாடகை ஓடுகிறது. அப்போது வெளிப்படும் தாழி எல்லோருக்கும் தொந்தரவு. இரவோடு இரவாக அதை மூடிவிடத்தான் தோன்றும்.

எங்களைப் போன்றவர்களுக்கு இதில் செய்ய ஒரு வேலை உண்டு. ஊர்ப் பெயர்களையும் புலப் பெயர்களையும் படிப்பது. தமிழ்நாட்டில் நிலம் பெயரோடுதான் இருக்கிறது. நத்தமேடு என்றால் பழைய குடியிருப்பு இருந்திருக்கலாம். கோட்டைமேடு, பள்ளிச்சந்தம், தாழிக்காடு என்று ஒவ்வொரு பெயரும் ஒரு குறிப்பு. பஞ்சபாண்டவர் படுக்கை என்று ஊரார் சொன்னால் அங்கே சமணர் கற்படுக்கைகள் இருக்கும். செங்கம் பகுதியில் வேடியப்பன் என்று கும்பிடும் கல் பெரும்பாலும் ஒரு நடுகல். அதிகாரிகளின் பட்டியலில் இல்லாதவை மக்களின் வாயில் இருக்கின்றன. எங்கள் மேட்டை ஊரார் 'பானைக்காடு' என்றபோதே அது தன்னை அறிவித்துக்கொண்டுதான் இருந்தது.

கீழடியின் கதையும் அதுவே. 1970களில் கிணறு தோண்டும்போது கிடைத்தவற்றை மாணவர்கள் சொல்ல, அவ்வூர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவர் அவற்றின் மதிப்பை உணர்ந்து எடுத்துச்சொன்னார். 2013-14இல் அமர்நாத் இராமகிருஷ்ணன் தலைமையில் தொல்லியல் துறையினர் வைகையின் இரு கரைகளிலும் ஊர் ஊராகச் சென்று 293 இடங்களைக் குறித்தார்கள். அவற்றில் ஒன்றுதான் கீழடியின் பள்ளிச்சந்தைத் திடல், ஒரு தென்னந்தோப்பு. இன்று எல்லோரும் கீழடியைப் பற்றிப் பேசுகிறோம். எங்களுக்கு வியப்பளிப்பது அந்த 293 என்ற எண்தான். ஓர் ஆற்றங்கரையில் நடந்து பார்த்ததற்கே இத்தனை. நடந்து பார்க்காத ஆற்றங்கரைகள் எத்தனை!

பட்டியலில் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்வதற்கில்லை. மதுரைக்கு அருகிலுள்ள அரிட்டாபட்டியில் தமிழிக் கல்வெட்டு உண்டு, சமணர் சிற்பம் உண்டு, பாண்டியர் குடைவரை உண்டு. 2022 நவம்பரில் அதைத் தமிழகத்தின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாகவும் அறிவித்தார்கள். அப்படியிருந்தும் அந்த நிலத்தையும் உள்ளடக்கிய பகுதி டங்ஸ்டன் சுரங்கத்துக்காக ஏலம் விடப்பட்டது. 2024 நவம்பரில் ஏலத்தின் முடிவு வெளிவந்தது. ஊர் மக்கள் தெருவில் இறங்கினார்கள். 2025 ஜனவரியில் மைய அரசு ஏலத்தை ரத்து செய்தது. மகிழ்ச்சிதான். ஆனால் வரைபடம் விரித்த முதல் நாளே பார்த்திருந்தால், அந்த மக்கள் இரண்டு மாதம் உறக்கமின்றிக் கிடந்திருக்க வேண்டியதில்லை.

*

அந்தப் பொறியாளரின் கேள்விக்குப் பிறகு எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் சற்று மாறின. இப்போதும் புறநானூறு படிக்கிறோம். ஆனால் கையில் ஒரு குறிப்பேடு இருக்கிறது. ஓர் இடத்தைப் பார்த்தால் ஊர், புல எண், ஊரார் சொல்லும் பெயர், கண்ணில் பட்டவை, நான்கு திசைப் படங்கள், அட்சரேகை தீர்க்கரேகை ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி, மாவட்ட ஆட்சியர், தொல்லியல் துறை, ஊராட்சித் தலைவர் மூவருக்கும் பதிவு அஞ்சலில் அனுப்புகிறோம். பல கடிதங்களுக்குப் பதில் வருவதில்லை. வராவிட்டாலும் அஞ்சல் ரசீது எங்களிடம் இருக்கிறது. 'யாருக்காவது எழுதிக் கொடுத்தீர்களா' என்று இனி ஒருவர் கேட்டால் தலைகுனிய வேண்டியதில்லை என்பதற்காக மட்டுமன்று.

ஒருமுறை பதில் வந்தது. கண்மாய் ஆழப்படுத்தும் பணி ஒன்றில், கரையோரம் பாதி புதைந்து கிடந்த நடுகல்லைப் பற்றி எழுதியிருந்தோம். பணி தொடங்குவதற்கு முன் ஊராட்சித் தலைவர் தொலைபேசியில் அழைத்தார். "அந்தக் கல்லுப் பக்கம் கயிறு கட்டி வச்சிருக்கோம் சார். மண்ணை வடக்கே எடுத்துக்கறோம்" என்றார். அவ்வளவுதான். செய்தித்தாளில் வரவில்லை, போராட்டம் இல்லை, ஒரு நாள் பணிகூட நிற்கவில்லை. ஒரு கயிறு.

பானைக்காட்டுப் பெரியவரை அதன் பிறகு ஒருமுறை பார்த்தோம். பள்ளத்தில் தேங்கிய நீரில் ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். எங்களை அடையாளம் கண்டுகொண்டார். "வண்டி வந்தப்ப நான் சொன்னேன் தம்பி, முன்னோரு இருக்காகன்னு. கெழவன் ஏதோ உளறுறான்னுட்டாக. படிச்சவுக நீங்க வந்து சொல்லியிருந்தா கேட்டிருப்பாக" என்றார். குற்றம் சாட்டும் தொனி இல்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான்.

திரும்பும்போது அந்தப் புறவழிச்சாலையில்தான் வந்தோம். வேறு வழி இல்லை. வண்டி குலுங்காமல் ஓடியது. தனக்கும் சேர்த்து அகலமாக வனையச் சொன்னவளின் தாழியைப் போன்ற ஒன்று எந்தக் கல்தொலைவில் கிடக்கிறதோ என்று தெரியாததால், அந்தச் சாலை முடியும் வரை எங்களில் யாரும் பேசவில்லை.